மார்கழியில் மாற்றாத டயர்

ரெஜினா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்த்தது மகளுடைய காரின் டயரை. "இன்னாப்பா, வந்ததும் வராததுமா டயரைத் தடவிக்கினு?" என்று கல்பனா சிரித்தாள். பக்கத்தில் மருமகன் யுவராஜ் வலது கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டயர் கல் மாதிரி இருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. மைனஸ் இருபத்து மூன்று டிகிரிக் குளிரில் காது எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.

வயிறு எரிந்ததற்குக் காரணம் விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்த சர்தார்ஜி. கனடாவில் லாரி ஓட்டுகிறவர். என் மெக்கானிக் அன்வர் பாயிடம் பழகிப் பழகி வந்த அரைகுறை உருதுவை வைத்துக்கொண்டு அவரோடு மணிக்கணக்கில் பேசினேன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில் என்பதால் பேச்சு டயரில் வந்து நின்றது. "கோடைக்கால டயரின் ரப்பர் குளிரில் இறுகிப் போகும். பிரேக் அடித்தால் பிடிக்காது. குளிர்காலத்துக்கென்று தனி டயர் இருக்கிறது, பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் போட்டிருக்கும். அது இல்லாமல் ஓட்டுகிறவன் பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனாக இருக்க வேண்டும்" என்றார். மகளின் காரைச் சுற்றி வந்தேன். நான்கு டயரிலும் மலையும் இல்லை, பூவும் இல்லை.

நான் காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவன். பட்டு எடுக்க வரும் கல்யாணக் கூட்டம், கோயில் கோயிலாக ஏறி இறங்கும் கூட்டம், எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மருமகன் பனியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார் என்று செய்தி வந்தபோது, விசா ஏற்கெனவே கையில் இருந்ததால் உடனே கிளம்பிவிட்டேன். அவர்கள் குடியிருப்பது ஒரு சின்ன ஊரில். கல்பனா வேலை பார்க்கும் மருத்துவமனை எழுபது கிலோமீட்டர் தள்ளி ரெஜினாவில் இருக்கிறது. தினமும் கொண்டுபோய் விட்டது மருமகன். கை ஒடிந்த நாளிலிருந்து அவளே தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள். கட்டுப் பிரிக்கும்வரை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டும் எடுத்துக்கொண்டு, வேன் ஸ்டாண்டில் எல்லோரிடமும் பீற்றிவிட்டு வந்திருந்தேன்.

முதல் நாள் வீட்டுக்குப் போகும்போது கல்பனாதான் ஓட்டினாள். சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பின் சீட்டில் மருமகன் உட்கார்ந்திருந்தார். படித்தவர், கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், மூன்று குளிர்காலம் இந்த நாட்டில் பார்த்தவர். பெண்டாட்டியை இந்தக் கல் டயரில் ஏற்றி அனுப்புகிறாரே என்று எனக்கு ஆறவில்லை. முந்தைய குளிர்காலங்களில் டொராண்டோவில் ரயிலில் போய்வந்தார்களாம், கார் வாங்கியதே இந்த வருடம்தானாம். அதெல்லாம் ஒரு காரணமா?

மாப்பிள்ளையை நேரில் திட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெண்ணைக் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பெண்டாட்டியிடம் போனில் கத்துவதை யாரும் தடுக்க முடியாது. இரண்டாம் நாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, ஊரில் இருக்கும் என் மனைவி செண்பகத்திடம் கத்தினேன். "கைதான ஒடிஞ்சுது? மூளையுமா ஒடிஞ்சிடுச்சு? நாலு டயர் மாத்த வக்கில்லாத மனுசன் இன்னாத்துக்கு வண்டி வாங்கணும்?"

சமையலறையில் யுவராஜ் இடது கையால் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் மாவு புளிக்காது என்று ஓவனுக்குள் விளக்கைப் போட்டு அதில் ராத்திரி முழுக்க மாவை வைத்திருந்தாராம். தோசை நன்றாகத்தான் இருந்தது. மூன்று தின்றேன். என் கத்தலைக் கேட்டும் அவர், "இன்னொண்ணு வெக்கட்டுமா மாமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க என் கோபம் ஏறியது. தப்பு செய்தவன்தான் இப்படிப் பம்முவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் முதல் நான் ஓட்டப் போகிறேன் என்பதால் வண்டியைப் பார்க்கப் போனேன். பானெட்டுக்குக் கீழே இருந்து ஒரு மின்சார ஒயர் தொங்கியது. ராத்திரி அதைச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகி வைக்கிறார்கள், இல்லாவிட்டால் என்ஜின் ஆயில் உறைந்து காலையில் வண்டி கிளம்பாதாம். நம் ஊரில் செல்போனுக்குப் போடுவதை இங்கே வண்டிக்குப் போடுகிறார்கள். பானெட்டைத் திறந்தேன். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் டப்பாவில் பாதிக்கு நீல நிறத்தில் ஏதோ இருந்தது. இதைக்கூட நிரப்பி வைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே குழாயில் தண்ணீர் பிடித்து வந்து விளிம்புவரை ஊற்றினேன். இருபத்தாறு வருடமாகக் காலையில் நான் செய்கிற முதல் வேலை அதுதான். யாரிடமும் கேட்கவில்லை. வண்டி விஷயத்தில் நான் யாரிடமும் கேட்டு வழக்கமில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கும் சூரியன் வரவில்லை. மைனஸ் இருபத்தேழு. கல்பனா பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் ஓட்டினேன். ஸ்டியரிங் இடது பக்கம், சாலையில் வலது பக்கம், அதெல்லாம் பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. "மெதுவா போங்கப்பா. பிரேக்க அழுத்தாதீங்க, லேசா தொட்டுத் தொட்டு விடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கே சொல்லிக் கொடுக்கிறாளா என்று கோபம் வந்தது. மார்கழி விடியலில் தென்னேரி ஏரிப் பக்கம் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனியில் வேன் நிறைய ஆட்களோடு போனவன் நான் என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

எதிரில் ஒரு பெரிய லாரி வந்தது. கடக்கும்போது உப்பும் சேறும் பனியும் கலந்த குழம்பை எங்கள் கண்ணாடி முழுக்க அடித்துவிட்டுப் போனது. ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் பீய்ச்சுகிற குச்சியை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. வைப்பர் அந்தக் குழம்பை இழுத்துப் பூசிக் கண்ணாடியைச் சுத்தமாக அடைத்தது. நான் பயந்துபோனேன். பயத்தில் கால் பிரேக்கில் போய் நின்றது. பழக்க தோஷத்தில் ஹாரனும் அடித்தேன். வழிவிட அங்கே மாடும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்தது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் அது என் பேச்சைக் கேட்கவில்லை. "கால எடுங்கப்பா! கால எடுங்க!" என்று கல்பனா அலறினாள். ஒரு முழுச் சுற்று சுற்றி, சாலையோரப் பள்ளத்தில் பனிக்குள் போய்ப் புதைந்து நின்றோம்.

இருவருக்கும் அடி இல்லை. கல்பனா முதலில் செய்தது என்ஜினை அணைத்தது. "சைலன்சர் பனில மூடிக்கினு இருக்கும். அத தோண்டாம வண்டிய ஓட வுட்டா புகை உள்ள வந்து செத்துருவோம். டிக்கில மண்வாரி இருக்குது, எடுங்க" என்றாள். இறங்கினேன், முழங்கால்வரை புதைந்தது. டிக்கியைத் திறந்தால் ஒரு பெட்டி. மண்வாரி, மணல் மூட்டை, இரண்டு கம்பளி, தகர டப்பா, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கடலை மிட்டாய். மூடியின் உள்பக்கம் இன்னின்னது இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தது. கோணல்மாணலான எழுத்து, இடது கையால் எழுதியது. சைலன்சரைச் சுற்றித் தோண்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது விரல்களில் உணர்ச்சி இல்லை. அவள் சூட்டுக்காக டப்பாவுக்குள் மெழுகுவத்தியை ஏற்றி, காற்று வர சன்னலை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தாள். உதவி கேட்டு இழுவை வண்டிக்காரர்களுக்குப் போனும் செய்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆகும், வண்டியை விட்டு எங்கும் நடக்காதீர்கள் என்றார்களாம்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மெழுகுவத்தி, மிட்டாய்லாம் எடுத்து வெக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு டயர் மாத்தத் தெரியலயா? இன்னிக்கி நீயும் நானும் போய்ச் சேந்திருப்போம். உம் புருசன் மேல எனக்கு வர்ற கோவத்துக்கு..."

"போதும்பா, நிறுத்துங்க" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "டயர் மாத்த வேணாம்னு சொன்னதே நீங்கதான்."

"நானா? எப்ப?"

"மார்கழி ரெண்டாந்தேதி. நீங்க செவிலிமேடு பங்க்குல டீசல் போட்டுக்கினு இருந்தீங்க. பின்னாடி சபரிமலைக்குப் போற சாமிங்க சத்தம் கேட்டுச்சு. அப்பா, நாளைக்கி நாலு டயரும் புதுசா மாத்த புக் பண்ணிக்கிறோம், ஓகேவான்னு கேட்டேன். டயர் பட்டன் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சான்னு கேட்டீங்க. இல்லன்னேன். அப்புறம் இன்னாத்துக்கு, மார்கழியில யாராவது வண்டிக்குப் புது சாமான் போடுவாங்களா, தை பொறக்கட்டும்னு சொல்லிட்டு போன வெச்சிட்டீங்க."

நினைவு வந்தது. பங்க்கில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்ததுகூட நினைவு வந்தது. முழுசாக ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். எங்கள் ஸ்டாண்டில் மார்கழியில் யாரும் புது டயர் போட மாட்டோம், சீட் கவர்கூட மாற்ற மாட்டோம். எல்லாம் தை பிறந்த பிறகுதான். நம் ஊரில் அதனால் ஒரு கேடும் வராது. மார்கழியிலும் அதே தார்ச்சாலை, தையிலும் அதே தார்ச்சாலை. அவள் பனிக்காகக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் புரிந்திருக்கும். கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன். சொன்னதை அடுத்த நிமிடமே மறந்தும் போனேன்.

கல்பனா அதோடு விடவில்லை. "அவரு கை இன்னா நடந்து போயி வழுக்கி ஒடிஞ்சுதா? கேன்சல் பண்ண ரெண்டாவது நாளு வண்டி வாசல்லயே சிக்கிக்கிச்சு. சக்கரம் சும்மா சுத்துது, பிடிப்பே இல்ல. பின்னாடி நின்னு தள்னாரு. வண்டி சட்டுனு நகர்ந்துச்சு, அப்படியே குப்புற வுழுந்தாரு. நீங்க மூணு நாளா கத்துறத கேட்டுக்கினு உங்களுக்கு இடது கையில தோசை சுட்டுப் போடறாரு." பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. காரில் இரண்டே பேர். இறங்கி நடந்தால் செத்துப்போவேன். கடலை மிட்டாயைப் பிரித்து அவளிடம் நீட்டினேன், வாங்கவில்லை. அந்தத் தண்ணீர் டப்பா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "குழாத் தண்ணியா ஊத்தினீங்க? அது உறையாத மருந்துப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இழுவை வண்டி வருவதற்கு முன் ஒரு விவசாயி தன் பிக்கப் வண்டியை நிறுத்தினார். கேட்காமலேயே பட்டையான கயிற்றை மாட்டி எங்களை மேலே இழுத்துப் போட்டார். குனிந்து டயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த டயரில் ஓட்டலாம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். கல்பனா பதில் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தன் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு, கல்பனாவை ஓட்டச் சொல்லி, எங்கள் ஊர் எல்லைவரை எங்களுக்கு முன்னால் ஊர்ந்தபடி வழிகாட்டிப் போனார்.

அன்றிலிருந்து அந்த வண்டி வாசலை விட்டு நகரக் கூடாது என்று முடிவானது. பக்கத்து ஊரிலிருந்து அதே மருத்துவமனைக்குப் போகும் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் கல்பனாவை ஏற்றிக்கொண்டு போனாள். டயர் கடைக்குப் போன் செய்தால், மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். நாங்கள் ரத்து செய்த நேரத்தை அன்றைக்கே வேறு யாரோ எடுத்துக்கொண்டார்களாம். மூன்று வாரம் என்றால் தை பிறந்துவிடும். அதைக் கணக்குப் போட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கு நானே நடந்து போய் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தேன். மருமகனின் கோட்டுக்கு மேல் என் கோட்டு, அதற்கு மேல் செண்பகம் கொடுத்த சால்வை. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்டார். "டயர்" என்றேன். நேரம் இல்லை என்றார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். நம் ஊரில் ஓர் அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமென்றால் இதுதான் வழி. அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி உட்கார வேண்டும். மத்தியானம் அவர் எனக்கு ஒரு காபி கொடுத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது, குடித்தேன். புதன்கிழமையும் போனேன். "உங்களைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்கள்" என்றார். நான் பயமுறுத்தவில்லை. என் முகம் அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மாளே வீட்டுக்குப் போன் செய்தார். நேரம் வாங்கியிருந்த ஒருவர் வரவில்லையாம், அரை மணியில் வண்டி வந்தால் மாட்டிக் கொடுப்பார்களாம். கடையிலிருந்தே இழுவை வண்டி அனுப்பி எங்கள் காரைத் தூக்கிப் போனார்கள். செண்பகம் போனில், "இன்னிக்கி அஷ்டமிங்க, மார்கழி வேற" என்று ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன்.

கடையில் நானும் யுவராஜும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே கார் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒருவன் பழைய டயர்களைக் கழற்றிச் சுவரோரம் உருட்டினான். நான்கு நாளாக மனதில் இருந்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அதையும் திட்டுவதைப் போலவே கேட்டேன்.

"நான் ஒரு கிறுக்கன் பல ஆயிரம் மைலுக்கு அப்பால இருந்து சொன்னா, நீங்க அப்படியே கேட்டுடறதா மாப்ள? படிச்சவருதான நீங்க?"

"நான் கேக்கல மாமா" என்றார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன். "அன்னிக்கி எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. கேன்சல் பண்ண மாட்டேன்னு நின்னேன். அவதான் பண்ணா. எங்கப்பா இருவத்தாறு வருஷமா ஓட்டுறாரு, உனக்கு இன்னா தெரியும்னா. கை ஒடிஞ்சப்புறம் உங்களுக்குப் போன் போடறேன்னு சொன்னேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிடுவாரு, சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினா. அப்புறம் ஒரு வாரம் தனியா ஓட்டிக்கினு போனா மாமா. போயி சேந்துட்டேன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நின்னுக்கினு இருப்பேன். டயர் சரியில்லன்னு அவளுக்கே தெரியும். ஆனா எங்கப்பா சொன்னா தப்பா இருக்காதுன்னு தெனம் சொல்லிட்டுத்தான் கெளம்புவா."

அவள் பிறந்ததிலிருந்து வண்டி என்றால் அப்பா, சாலை என்றால் அப்பா என்று சொல்லி வளர்த்தது நான்தான். கேள்வி கேட்டால், "உனக்கு இன்னா தெரியும்?" என்று வாயை அடைத்ததும் நான்தான். "என்ன மன்னிச்சிருங்க மாப்ள" என்றேன். மாமனார் வாயில் வரக் கூடாத வார்த்தை அது. அவர் சங்கடப்பட்டு எழுந்து, கட்டுப் போட்ட கையோடு போய் எனக்கு அந்தத் தண்ணீர்க் காபியில் ஒன்று எடுத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து கல்பனா அந்த நர்ஸின் வண்டியில் கடைக்கே வந்து இறங்கினாள். கார் தயாராக இருந்தது. நான்கு டயரிலும் மலையும் பூவும் இருந்தன. விரலால் அழுத்தினேன், அமுங்கியது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சாவியை என்னிடம் நீட்டினார். வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மருமகன் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பாமல், புது டயரை ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலையில் ஏறியதும் லேசாகப் பனி தூற ஆரம்பித்தது. எதிரில் லாரி விளக்குகள் தெரிந்தன. கல்பனா வேகத்தைக் குறைத்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்த ஸ்பீடு சரியாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "மாப்ளயக் கேளு."